ஆட்டிசம்னு சொன்னாங்க, ரத்தத்துல இன்னொண்ணும் இருந்துச்சு

தெரபி சென்டர்ல பிள்ளைங்கள உள்ள விட்டுட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிற அம்மாக்கள்ல யாராவது ஒருத்தர் என்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, "அக்கா, உங்க பையனுக்கு ஆட்டிசம் மட்டும் இல்லையாமே, ரத்தத்துல ஏதோ பிறவிக் கோளாறாமே, அப்ப எங்க பிள்ளைக்கும் அந்த டெஸ்ட் எடுக்கணுமா?" அப்படின்னு. நடுவுல கிடைக்கிற நேரத்துல சொல்லி முடிக்கிற விஷயமா இது, பாதி சொல்றதுக்குள்ள செஷன் முடிஞ்சு பிள்ளை வெளிய வந்துரும், கேட்டவங்க அரைகுறையா கேட்டுட்டுப் போயி ராத்திரி தூக்கமில்லாம கிடப்பாங்க. அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் டாக்டர் இல்ல. தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊரு, ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. டாக்டருங்க சொன்னது, நானா தேடிப் படிச்சுட்டு அவங்ககிட்டயே திரும்பக் கேட்டுத் தெளிவானது, வீட்ல பாத்தது, இவ்வளவுதான் என்கிட்ட இருக்கு. பெரும்பாலான ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி மெட்டபாலிக் வியாதி, அதாவது உடம்பு சில பொருளைச் சரியா மாத்தவோ கழிக்கவோ முடியாத பிறவிக் கோளாறு, எதுவும் இருக்காது, அத முதல்லயே சொல்லிடுறேன். ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கும். ஆனா அந்தக் கொஞ்சம் பேர்ல சிலருக்கு நல்ல வைத்தியம் இருக்கு, லேட்டாக லேட்டாக அந்த வைத்தியத்தோட பலன் குறைஞ்சுக்கிட்டே போகும். அதனாலதான் யாருக்கு அவசியம் பாக்கணும்ங்கறது தெரிஞ்சிருக்கணும்னு நான் இவ்வளவு அடிச்சுச் சொல்றேன்.

எங்க பெரியவனுக்கு இருக்கிறது பி.கே.யூ., முழுப்பேரு ஃபீனைல்கீட்டோனூரியா. நம்ம சாப்பிடுற பருப்பு, பால், முட்டை, கறி எல்லாத்துலயும் இருக்கிற புரோட்டீன்ல ஃபீனைல்அலனின்னு ஒரு அமினோ ஆசிட் இருக்கு. அத டைரோசின்னு இன்னொண்ணா மாத்துறதுக்கு கல்லீரல்ல ஒரு என்சைம் வேணும். அந்த என்சைம் வேலை செய்யாமப் போனதுதான் இந்த வியாதி. வாய்க்கால்ல ஒரு மடை அடைச்சுக்கிட்டா மேல தண்ணி தேங்கி வயல் அழுகும், கீழ வயல் காஞ்சு போகும்ல, அதே கதைதான். மேல ஃபீனைல்அலனின் ஏறிக்கிட்டே போயி மூளைக்குப் போற மத்த சில அமினோ ஆசிட்களை வழிமறிச்சுரும், கீழ டைரோசின் பத்தாது, டைரோசின் பத்தலன்னா மூளைக்கு வேண்டிய டோபமைனும் குறையும், முடிக்கும் தோலுக்கும் கருப்பு குடுக்கிற மெலனினும் குறையும்.

அந்தக் கடைசி விஷயத்துலதான் எங்க ஊரே ஏமாந்து போச்சு. நானும் கருப்பு, எங்க வீட்டுக்காரரும் கருப்பு. பிள்ளை பிறந்தப்ப சாதாரணமாத்தான் இருந்தான், ஆறு மாசம் தாண்டத் தாண்ட வெளுத்துக்கிட்டே வந்தான், முடி செம்பட்டையாகி வெயில்ல பாத்தா தேன் கலர்ல இருக்கும். தெருவுல யாரு தூக்குனாலும் "யாத்தே, என்ன கலரு, எந்த ஊரு ராசா இவன்"னு கொஞ்சுவாங்க, அத்தை தினமும் சாயங்காலம் சுத்திப் போடுவாங்க. பழனில மொட்டை போட்டு வந்தும் மறுபடி செம்பட்டையாவேதான் முளைச்சுச்சு, எண்ணெய் பத்தலன்னு சொன்னாங்க. அப்புறம் அந்த வாடை. அவன் ஒண்ணுக்குப் போன துணியில, வேர்த்த தலையில, பூட்டி வெச்ச ரூம்ல எலி இருந்தா ஒரு வாடை வருமே அது வரும், எத்தனை அலசுனாலும் போகாது. முழங்கை மடிப்புல, கழுத்துல கரப்பான் மாதிரி சொறி. இதெல்லாம் தனித்தனியா ஆளுக்கொண்ணு சொன்னாங்க, தோலுக்கு ஒரு டாக்டர், பேச்சுக்கு ஒரு டாக்டர்னு போய்க்கிட்டு இருந்துச்சு.

பேச்சு வரல. பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், முகத்தப் பாக்க மாட்டான், கையை ஆட்டிக்கிட்டே முன்னும் பின்னும் அசைஞ்சுக்கிட்டு ஃபேனையே பாத்துக்கிட்டு இருப்பான், கோவம் வந்தா தன் கையவே கடிச்சுக்குவான். ரெண்டரை வயசுல பெரிய ஊருக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுனோம், காது டெஸ்ட் நார்மல், ஸ்கோர் எல்லாம் போட்டு ஆட்டிசம்னு எழுதிக் குடுத்தாங்க. அந்த டயக்னோசிஸ் தப்பு இல்ல, இப்ப வரைக்கும் அது சரிதான், இத நல்லா கவனிங்க. ஆட்டிசம்ங்கறது பிள்ளையோட நடவடிக்கையப் பாத்துக் குடுக்குற பேரு, அது ஏன் வந்துச்சுங்கறது வேற கேள்வி. எங்களுக்கு அந்த ரெண்டாவது கேள்வியை அப்ப யாரும் கேக்கல, தெரபிக்கு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

அந்த நேரத்துல கிடைச்ச யோசனை எல்லாம் என்னன்னா, பிள்ளைக்குச் சத்து பத்தல, மூளைக்குச் சத்து வேணும், முட்டை குடு, பாதாம் பால் குடு, பாசிப்பயறு குடுன்னுதான். அங்கன்வாடில சத்துமாவு குடுத்தாங்க, முட்டை குடுத்தாங்க, ஒரு ஆஸ்பத்திரில புரோட்டீன் பவுடரும் எழுதிக் குடுத்தாங்க. வேற எந்தப் பிள்ளைக்கும் அது நல்ல யோசனை. இவன் உடம்புல அத்தனையும் நேரா மூளையத்தான் போய் அடிச்சிருக்கு.

நாலு வயசு ஆகப்போற சமயத்துல ஃபிட்ஸ் வந்துச்சு. அப்பத்தான் ஒரு குழந்தைங்க நரம்பு டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க ஃபைலைத் தொறக்கறதுக்கு முன்னாடி பிள்ளையைத் தூக்கி மடியில வெச்சு, தலையில மூக்க வெச்சு மோந்து பாத்தாங்க, முடியை விரல்ல பிரிச்சுப் பாத்தாங்க, அப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஏற இறங்கப் பாத்துட்டு, "நீங்க சொந்தமா?"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் என் அத்தை பையன்னு சொன்னேன். எங்க அம்மா வழியிலயோ அத்தை வழியிலயோ சின்ன வயசுல தவறுன பிள்ளைங்க உண்டா, பேச்சு வராத பிள்ளைங்க உண்டான்னு கேட்டு ஒரு படமே போட்டாங்க. குதிகால்ல குத்தி ஒரு கெட்டிப் பேப்பர்ல ரத்தத்த வட்ட வட்டமா சொட்ட விட்டு காய வெச்சு அனுப்புனாங்க, யூரினும் அனுப்புனாங்க. அந்த ரத்த டெஸ்ட்டை டி.எம்.எஸ்.னு சொல்லுவாங்க. ஃபீனைல்அலனின் 100 மில்லி ரத்தத்துல 28 மில்லிகிராம்னு வந்துச்சு. சாதாரணமா 2க்குள்ள இருக்கணும், 20க்கு மேல போனா அது கடுமையான வகை.

அதோட நிறுத்தாம, அந்த என்சைம் வேலை செய்யத் துணையா வேண்டிய பி.எச்.4ங்கற பொருள்ல குறைபாடு இருக்கான்னும் பாத்தாங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுலயும் ஃபீனைல்அலனின் ஏறும், ஆனா வைத்தியம் வேற, சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. அதுக்கு யூரின்லயும் அந்தக் காய்ஞ்ச ரத்தத்துலயும் தனியா டெஸ்ட் இருக்கு. பி.கே.யூ.ன்னு யாருக்காவது வந்தா "பி.எச்.4 பாத்தாச்சா டாக்டர்"னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. எங்களுக்கு அது இல்லன்னு வந்துச்சு, ஜீன் டெஸ்ட்டும் எடுத்து எங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீனோட பழுதான பிரதி ஒவ்வொண்ணு போயிருக்குன்னு உறுதி பண்ணாங்க.

இந்த வியாதியைக் கண்டுபிடிச்ச கதையைப் படிச்சப்ப நான் ரொம்ப நேரம் அழுதேன். 1934ல நார்வேல போர்னி எகலாண்ட்னு ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைங்க, லிவ்னு ஒரு பொண்ணு, டாக்னு ஒரு பையன், ரெண்டுக்கும் வளர்ச்சி இல்ல, பையனுக்குப் பேச்சே இல்ல. அந்தம்மா ஒவ்வொரு டாக்டரா போயி பிள்ளைங்ககிட்ட ஒரு மாதிரி வாடை வருதேன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, யாரும் காதுல வாங்கல. கடைசில அஸ்பியோர்ன் ஃபோலிங்னு ஒரு டாக்டர் பிள்ளைங்களோட யூரின்ல ஃபெரிக் குளோரைடு விட்டுப் பாத்தா அது பச்சையா மாறுச்சு. இன்னும் யூரின் கொண்டாங்க இன்னும் கொண்டாங்கன்னு வாங்கி அதுக்குள்ள இருந்த பொருள் என்னன்னு பிரிச்சுக் கண்டுபிடிச்சாரு, அப்புறம் விடுதிகள்ல இருந்த 430 பேருக்குச் சோதிச்சு இன்னும் 8 பேருக்கு இதே இருக்குன்னு காட்டுனாரு. அந்தம்மாவோட பிள்ளைங்களுக்கு அது உதவல, வைத்தியம் அப்ப கிடையாது. இங்கிலாந்துல பர்மிங்காம்ல ஷீலா ஜோன்ஸ்னு ஒரு குழந்தையோட அம்மா, டாக்டர் ஹோர்ஸ்ட் பிக்கலோட லேப் வாசல்லயே வந்து நின்னு என் பிள்ளைக்கு ஏதாவது பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கவேதான் அவரும் கூட இருந்தவங்களும் ஃபீனைல்அலனினை நீக்குன சாப்பாடு தயார் பண்ணாங்க, 1953ல அது வெளிவந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு முடி கருத்துச்சு, தலையை முட்டிக்கிறதும் அழுகையும் நின்னுச்சு. 1960களோட ஆரம்பத்துல ராபர்ட் கத்ரி அந்தக் காய்ஞ்ச ரத்தப் பேப்பர் டெஸ்ட்டைக் கொண்டாந்தாரு, அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல 1963லயே பிறக்கிற குழந்தைங்களுக்கு இது சட்டமாச்சு. நம்ம நாட்ல இன்னும் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம்னு ஒரு திட்டம் இல்ல. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இத எழுதும்போதும் எனக்கு வயிறு எரியுது, மறைச்சுப் பேசத் தெரியல.

இத்தாலில 2003ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, பிறந்ததும் கண்டுபிடிச்சு டயட்ல இருந்த பி.கே.யூ. பிள்ளைங்க 62 பேர்ல ஒருத்தருக்குக்கூட ஆட்டிசம் இல்ல, லேட்டா கண்டுபிடிச்ச 35 பேர்ல 2 பேருக்கு இருந்துச்சு. சின்ன எண்ணிக்கைதான், ஆனா எங்க வீட்டுக்குள்ளயே இத நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன், அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப சாப்பாடு. கடுமையான வகை பி.கே.யூ. பிள்ளைங்க ஒரு நாளைக்குத் தாங்கிக்கிற ஃபீனைல்அலனின் ரொம்பக் குறைச்சல், எங்களுக்குக் குடுத்த அளவு சுமார் 300 மில்லிகிராம், பிள்ளைக்குப் பிள்ளை மாறும், வயசுக்கும் மாறும், என் கணக்கை யாரும் எடுத்துக்காதீங்க. ஒரு முட்டை சாப்பிட்டா அந்த நாளோட கோட்டா முடிஞ்சுச்சு. நூறு கிராம் அரிசில 7 கிராம் கிட்ட புரோட்டீன், ஒரு கிராம் புரோட்டீனுக்கு 50 மில்லிகிராம்னு வெச்சா 350 ஆயிரும், அப்ப சோறே அளந்துதான். பருப்பு, பயறு, பால், தயிர், பனீர், முட்டை, மீன், கறி, கடலை, முந்திரி எதுவும் கிடையாது. உளுந்து இருக்கிறதால இட்லியும் அளவுதான். டயட்டீஷியன் லிஸ்ட்டைக் குடுத்ததும் அத்தை, "அப்ப பிள்ளை எதைத்தான் திங்கும்?"னு கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க.

கைகுடுத்தது ஜவ்வரிசி. அதுல புரோட்டீன் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஜவ்வரிசிய ஊற வெச்சு ஆரோரூட் மாவு சேத்து தோசை, ஜவ்வரிசி உப்புமா, பால் இல்லாம தேங்காய்ப் பால் கொஞ்சம் அளந்து ஊத்தி பாயாசம். மரவள்ளிக்கிழங்கு, சக்கரவள்ளி, சுரைக்காய், பூசணி, கேரட், பருப்பில்லாத ரசம், நெய்யும் எண்ணெயும் தாராளமா, ஏன்னா கலோரி பத்தலன்னா உடம்பு தன் சதையவே கரைச்சு ஃபீனைல்அலனின ஏத்திரும். காய்ச்சல் வந்தாலும் அதேதான், நார்மலா சாப்பிட்டுக்கிட்டே இருந்தும் ரத்தத்துல ஏறி நிக்கும், அந்த நாள்ல பட்டினி போடவே கூடாது. நகைக் கடைல எடை போடுற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்கு, அத்தைக்கு எழுத்து அவ்வளவா வராது, ஆனா தராசுல 40ன்னு வந்தா சோறு போதும்னு நிறுத்திருவாங்க, ஒரு பருக்கை கூட போகாது.

சாப்பாட்டுல இருந்து நிறுத்துன புரோட்டீனுக்குப் பதிலா ஃபீனைல்அலனின் இல்லாத பவுடர் ஒண்ணு கண்டிப்பா குடிச்சே ஆகணும், டைரோசின் எல்லாம் அதுலதான் இருக்கு. ஒரே வேளையா குடுக்காம மூணு நாலு வேளையா பிரிச்சுக் குடுக்கணும். வாடை குமட்டும், ஆரம்பத்துல துப்புவான், மூஞ்சத் திருப்புவான். நல்லா சில்லுனு கலக்கி, மூடி போட்ட டம்ளர்ல ஸ்ட்ரா போட்டுக் குடுத்தப்பதான் ஒத்துக்கிட்டான். பவுடர் ஊர் மருந்துக் கடைல கிடைக்காது, ஆர்டர் போட்டு வரவழைக்கணும், தீர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுருங்க, மழையில கூரியர் நின்னு போய் நாங்க தவிச்சிருக்கோம். இன்னொரு விஷயம், அஸ்பர்டேம்னு ஒரு இனிப்பு, டயட் கூல்ட்ரிங்க்ஸ், சுகர்ஃப்ரீ மாத்திரை, சூயிங்கம், சில சிரப்புலகூட இருக்கும், அதுல ஃபீனைல்அலனின் இருக்கு. சாதாரண இருமல் மருந்து வாங்குனாலும் லேபிளைப் படிச்சுத்தான் வாங்குவேன்.

என்ன மாறுச்சுன்னு கேப்பீங்க. முதல்ல வாடை போச்சு, சில வாரத்துலயே. சொறி அடங்குச்சு. கை கடிக்கிறது நல்லா குறைஞ்சுச்சு, ராத்திரி தூங்க ஆரம்பிச்சான், தெரபில உக்கார வெச்சா உக்காந்தான், முன்னாடியெல்லாம் ஒரு நிமிஷம் உக்கார மாட்டான். சில மாசம் கழிச்சு எண்ணெய் தேச்சு வகிடு எடுக்கும்போது பாக்கிறேன், நுனி எல்லாம் செம்பட்டை, வேர்ல மட்டும் ஒரு விரக்கடை கருகருன்னு. எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டுக் காட்டுனேன், அவரு ஒண்ணும் பேசல, அந்த வகிட்டத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. இப்ப அவனுக்கு ஒம்பது வயசு. தண்ணி, போலாம், அம்மா, வேணாம்னு சில வார்த்தைகள் சொல்லுவான், படத்தைக் காட்டிக் கேப்பான், டாய்லெட் தானா போவான், ஃபிட்ஸ் மருந்து இன்னும் ஓடுது. ஆட்டிசம் இருக்கு, அறிவு வளர்ச்சிக் குறைவும் இருக்கு. போன மூளை செல்லை டயட் திருப்பிக் குடுக்காதுன்னு டாக்டரம்மா முதல் நாளே தெளிவா சொல்லிட்டாங்க, அப்படிச் சொன்னதுக்கு நான் அவங்களுக்கு நன்றியோட இருக்கேன். ஆனா பிள்ளை வேதனையில்லாம இருக்கான், சிரிக்கிறான், தெரபி அவனுக்கு ஏறுது. டயட் வந்த பிறகு தெரபிய நிறுத்தலாம்னு சிலர் சொன்னாங்க, நிறுத்தவே கூடாது, ரெண்டும் ஒண்ணா போகணும்.

ரெண்டாவது பிரசவத்துல முன்னாடியே தெரியும், நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு. ஜீன் பழுது எங்கன்னு பெரியவன் மூலமா தெரிஞ்சதால 11, 12 வாரத்துலயே நஞ்சுக்கொடில இருந்து துளி எடுத்துப் பாக்கலாம்னு சொன்னாங்க. அது ஒவ்வொரு குடும்பமும் தானா யோசிச்சு எடுக்க வேண்டிய முடிவு, நாங்க பிறந்ததும் பாத்துக்கலாம்னு இருந்தோம். மூணாவது நாள் குதிகால்ல எடுத்த ரத்தத்துல அவளுக்கும் இருந்துச்சு. ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள டயட் ஆரம்பிச்சாச்சு. தாய்ப்பால நிறுத்தச் சொல்லுவாங்கன்னு பயந்தேன், நிறுத்தல, தாய்ப்பால்ல பசும்பாலை விட புரோட்டீன் குறைவு, அதனால பவுடரை முதல்ல அளந்து குடுத்துட்டு மிச்சப் பசிக்குத் தாய்ப்பால் குடுத்தேன், ரத்தம் பாத்துப் பாத்து அளவை மாத்துனாங்க. இப்ப எல்.கே.ஜி. போறா. வாய் ஓயாது. அண்ணன் டம்ளரையும் அவ டம்ளரையும் அவளே எடுத்து வெச்சுட்டு, "அண்ணா குடி, நான் குடிச்சிட்டேன் பாரு"ங்கறா. ஒரே வியாதி, ஒரே ஜீன், ஒரே வீட்டுச் சோறு.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன், யாரு டெஸ்ட் எடுக்கணும். ஆட்டிசத்தோட ஃபிட்ஸ் இருந்தா, கத்துக்கிட்டத இழந்துக்கிட்டே வந்தா, குறிப்பா காய்ச்சல் வாந்தி வந்த பிறகு பின்னுக்குப் போனா, அடிக்கடி வாந்தி, மயக்கமா தூங்கி வழியுறது, கறி முட்டைன்னாலே ஒதுங்குறது, ஒடம்பு துவண்டு கிடக்கிறது, தலை சின்னதா இருக்கிறது, தோல் முடி வாடையில வித்தியாசம், சொந்தத்துல கல்யாணம், குடும்பத்துல காரணம் தெரியாம குழந்தைங்க தவறுனது, இதுல ஒண்ணு ரெண்டு இருந்தா டாக்டர்கிட்ட "மெட்டபாலிக் பாக்கலாமா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. இது எதுவுமே இல்லாம நல்லா ஓடியாடுற பிள்ளைன்னா பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காது, கடன் வாங்கி எடுக்க வேண்டியதில்ல.

பி.கே.யூ. ஒண்ணுதான்னு நினைச்சுக்காதீங்க. பயோட்டினிடேஸ் குறைபாடுன்னு ஒண்ணு, ஃபிட்ஸ், முடி கொட்டுறது, தோல்ல புண்ணு, காது மந்தம் எல்லாம் வரும், பயோட்டின்ங்கற விட்டமின் மாத்திரையே வைத்தியம், ஆனா போன காது திரும்ப வராது. ஹோமோசிஸ்டினூரியால கண் லென்ஸ் நகரும், பிள்ளை ஒல்லியா நெடுநெடுன்னு வளரும், ரத்தக் குழாய்க்குள்ளயே ரத்தம் உறையும், சிலருக்கு பி6 விட்டமினுக்கே கேக்கும். மூளைக்குச் சக்தி குடுக்க உதவுற கிரியாட்டின்ங்கற பொருளோட குறைபாடு மூணு வகை இருக்கு, பேச்சு ரொம்ப பின்தங்கும், ஆட்டிசம் மாதிரியே இருக்கும், அதுல ரெண்டு வகைக்கு கிரியாட்டின் குடுத்தா பலன் இருக்கு. இதுக்கு ஒரு உபயோகமான விஷயம், பிள்ளைய மயக்கி எம்.ஆர்.ஐ. எடுக்கப் போறாங்கன்னா அதே மயக்கத்துலயே ஸ்பெக்ட்ராஸ்கோபியும் சேத்து எடுக்க முடியுமான்னு கேளுங்க, கிரியாட்டின் இல்லன்னா அதுல தெரிஞ்சுரும், இன்னொருதரம் மயக்க மருந்து குடுக்க வேண்டாம். யூரியா சைக்கிள் கோளாறுல, புரோட்டீன் கழிவை உடம்பு வெளியேத்த முடியாம, ரத்தத்துல அமோனியா ஏறும், ஓ.டி.சி.ன்னு ஒரு வகை அம்மா வழியா வரும், அம்மா வழிச் சொந்தத்துல ஆண் குழந்தைங்க பிறந்து சில நாள்ல தவறியிருந்தா அத மறக்காம சொல்லணும். சான்ஃபிலிப்போன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மூணு வயசு வரைக்கும் ஓரளவு பேசி விளையாடுன பிள்ளை, அப்புறம் தூக்கமில்லாம, அடங்காம, பேச்சு குறைஞ்சுக்கிட்டே போகும், ஆட்டிசம்னே பல வருஷம் போயிரும், முகம் கொஞ்சம் தடிப்பா, காதுல அடிக்கடி சீழ்னு இருக்கும். அதுக்கு நிறுத்துற மருந்து இன்னும் கைக்கு வரல, ஆனாலும் தெரிஞ்சா அடுத்த குழந்தைக்கு முன்னாடி யோசிக்கலாம். 2012ல துருக்கி, எகிப்து, லிபியாவுல சொந்தத்துல கல்யாணம் பண்ண குடும்பங்கள்ல ஆட்டிசமும் ஃபிட்ஸும் சேந்த பிள்ளைங்ககிட்ட பி.சி.கே.டி.கே.ன்னு ஒரு ஜீன் பழுதைக் கண்டுபிடிச்சாங்க, அங்க சில அமினோ ஆசிட் அளவுக்கு மீறிக் கரைஞ்சு குறைஞ்சு போகுது, எங்க வியாதிக்கு நேர் எதிர்.

அதனாலதான் கைகூப்பிக் கேக்கிறேன், டெஸ்ட் எதுவும் இல்லாம பிள்ளைக்குப் புரோட்டீனை நிறுத்திராதீங்க. என் பையனுக்கு எது மருந்தோ, அது உங்க பையனுக்கு விஷமாகலாம். வளர்ற பிள்ளைக்குப் பருப்பும் முட்டையும் வேணும். ஆட்டிசத்த வேரோட எடுக்குறோம்னு சொல்லி ஸ்டெம் செல், உடம்புல இருக்கிற உலோகத்தை இறக்குற ஊசி, முடியை அனுப்பிச் சோதிக்கிறதுன்னு லட்சக்கணக்குல வாங்குறாங்க, இதுல ஒண்ணும் நிரூபணம் ஆகல, அந்த உலோக ஊசி உயிருக்கே ஆபத்து. எங்க தெரபி சென்டர்லயே ஒரு குடும்பம் தோட்டத்த வித்துட்டு வந்து உக்காந்திருக்காங்க.

டெஸ்ட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது சிலது. அமோனியாவுக்கு ரத்தம் எடுத்தா ஐஸ்ல வெச்சு உடனே லேபுக்குப் போகணும், பிள்ளை திமிறி அழுது, கையைக் கட்டி ரொம்ப நேரம் வெச்சு எடுத்தா இல்லாத அமோனியா இருக்குன்னு காட்டும், சின்ன ஊர்ல எடுத்து பஸ்ல குடுத்து அனுப்புற டெஸ்ட் இல்ல அது. பிள்ளைக்கு உடம்பு முடியாம துவண்டு கிடக்கிற நேரத்துல எடுக்கிற ரத்தமும் யூரினும் நல்லா இருக்கும்போது எடுக்கிறத விட நிறைய சொல்லும், சில வியாதி அப்பத்தான் வெளிய தெரியும். என்ன விட்டமின், என்ன சிரப், ஆன்டிபயாடிக் ஓடுதுன்னு எழுதிக் குடுங்க, ரிசல்ட்டு மாறும். ஹோமோசிஸ்டீன் அளவு அதிகமா வந்தா உடனே பயப்படாம பி12 பாருங்க, நம்ம பக்கம் பி12 குறைவாலயே அது ஏறி நிக்கும். வால்ப்ரோயேட் ஃபிட்ஸ் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யூரியா சைக்கிள் கோளாறோ, செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியால கோளாறோ சந்தேகம் இருந்தா டாக்டருக்கு ஞாபகப்படுத்துங்க, அதுல அந்த மருந்து ஆபத்தாகலாம். ஒரிஜினல் ரிப்போர்ட் ஒண்ணுகூட குடுத்துராதீங்க, ஜெராக்ஸ் குடுங்க.

பண விஷயம். மத்திய அரசோட 2021 அரிய நோய்க் கொள்கைல பி.கே.யூ. மாதிரி சிறப்பு உணவு தேவைப்படுற வியாதிகளும் இருக்கு, அவங்க நியமிச்ச மையத்துல பதிவு பண்ணா 50 லட்சம் வரைக்கும் உதவிக்கு வழி இருக்கு. நம்ம பக்கத்துல பெங்களூர், ஹைதராபாத், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி அந்த லிஸ்ட்ல இருக்கு. ஜெனடிக்ஸ் டாக்டர்னா வேலூர் சி.எம்.சி.ல தனித் துறையே இருக்கு. ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிச் சட்டத்துல தனியா இருக்கிறதால யூ.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு எடுத்துக்கோங்க, மெட்டபாலிக் வியாதி வந்துட்டதால ஆட்டிசம் சர்டிஃபிகேட் குடுக்க மாட்டோம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ரெண்டும் சேந்து இருக்கலாம். ஸ்கூலுக்கு ஒரு பக்கத்துல பெரிய எழுத்துல "பால், முட்டை, சாக்லேட், சுண்டல் குடுக்கக் கூடாது, குடுத்தா உடனே ஒண்ணும் ஆகாது ஆனா மூளையைப் பாதிக்கும்"னு எழுதி டீச்சர், ஆயாம்மா ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கேன். உடனே தடிப்போ வாந்தியோ வராததால இது அலர்ஜி மாதிரி யாருக்கும் பதறாது, திரும்பத் திரும்பச் சொல்லணும். பிறந்தநாள் மிட்டாய்க்குப் பதிலா கல்கண்டு ஒரு டப்பா டீச்சர் மேஜைல எப்பவும் இருக்கும்.

எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் மாமன் பொண்ணு, அத்தை பையன்னு இன்னும் பேச்சு ஓடிக்கிட்டுதான் இருக்கு. சண்டை போட்டு நிறுத்த முடியாது, நான் செய்றது இதுதான், பெரியவனோட ஜீன் ரிப்போர்ட் ஜெராக்ஸைக் கல்யாணம் பேசுற வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் ஜீன்ல அந்த ஒரு இடத்தை மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கிட்டா போதும், செலவு குறைச்சல்னு சொல்லிட்டு வர்றேன். முதல்ல மூஞ்சத் திருப்புனாங்க. போன வருஷம் நாத்தனார் பொண்ணுக்கு நிச்சயம் பண்ண கையோட ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. பொண்ணுகிட்ட அந்தப் பழுதான பிரதி ஒண்ணு இருக்கு, மாப்பிள்ளைகிட்ட இல்ல. கல்யாணம் நடந்துச்சு, இப்ப மாசமா இருக்கா, பிறக்கிற குழந்தைக்கு இந்த வியாதி வர வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஆனாலும் மூணாவது நாள் குதிகால் ரத்தம் எடுக்கணும்னு பிரசவ ஃபைல்ல முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கோம்.